ரிப்பிள்ஹெட் பாலத்தில் ஆறாவது தூண் மட்டும் ஏன் பருமன்?

கேள்வி, 2024 பிப்ரவரி 3

"சென்ற வாரம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ரிப்பிள்ஹெட் ரயில் பாலத்தைப் பார்த்தேன். 24 வளைவுகள். எல்லாத் தூண்களும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்தால் சில மட்டும் தடியாக நிற்கின்றன. என் கணக்கில் மூன்று. கட்டும்போது கல் மிஞ்சிவிட்டதா, அல்லது பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று செய்ததா?"

பிப்ரவரி 3, இரவு

கல்லும் மிஞ்சவில்லை, எடுப்புக்காகவும் செய்யவில்லை. நீங்கள் எண்ணியது சரி, மூன்றுதான். ஒவ்வோர் ஆறாவது தூணும் பருமன். மற்றவை அடியில் சுமார் 13 அடி, இவை 18 அடி. ராஜாத் தூண் என்று பொருள்படும்படி இவற்றுக்கு அங்கே பெயர்.

வளைவு தன்மேல் வரும் பாரத்தை நேராகக் கீழே மட்டும் இறக்குவதில்லை. இரண்டு பக்கமும் காலை அகட்டித் தள்ளும். பக்கத்து வளைவும் எதிர்த்திசையில் அதே அளவு தள்ளுவதால், நடுவில் நிற்கும் தூண் நிமிர்ந்து நிற்கிறது. அதில் ஒன்று போய்விட்டால்? பழைய சினிமாக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் ஓரத்துச் சைக்கிளைத் தட்டிவிட்டவர்களுக்கு விடை தெரியும். வரிசை முழுக்கச் சரியும். நடுநடுவே ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்திருந்தால் சரிவு அதோடு நிற்கும். ராஜாத் தூண்தான் அந்தப் புல்லட். ஒரு தூண் விழுந்தாலும் ஐந்து வளைவுகளோடு சேதம் நின்றுவிடும்.

தன் பாலம் ஒருநாள் உடையலாம் என்று ஒப்புக்கொண்டு, உடைந்தால் எதுவரை உடையலாம் என்றும் தீர்மானித்துக் கட்டியிருக்கிறார்கள். இதை நான் எப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

பிப்ரவரி 3, அரை மணி நேரம் கழித்து

திருத்தம். ஐந்து என்று எழுதியது தவறு. இரண்டு ராஜாத் தூண்களுக்கு இடையில் சாதாரணத் தூண்கள் ஐந்து, வளைவுகள் ஆறு. ஆகவே விழுவதானால் ஆறும் விழும். 24 வளைவுகளை ஆறாறாகப் பிரித்தால் நான்கு கூட்டம், நடுவில் மூன்று ராஜாத் தூண்கள். பல இடங்களில் ஐந்து என்றே எழுதியிருக்கிறார்கள், நானும் யோசிக்காமல் அதையே திருப்பிச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4

அளவு கேட்டிருக்கிறார்கள். நீளம் 440 கெஜம், அதாவது சுமார் 400 மீட்டர். அதிக உயரம் 104 அடி, சுமார் 32 மீட்டர். ஒரு கண்ணின் அகலம் 45 அடி. நம் ஊரில் பாலத்து வளைவுக்குக் 'கண்' என்று பெயர் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும், அதையே இனி எழுதுகிறேன். 24 கண்களுக்கு 1,080 அடி. மொத்த நீளம் 1,320 அடி. மீதி 240 அடியில்தான் 23 தூண்களின் தலையும் இரு முனைச் சுவர்களும் அடங்கவேண்டும். அதனால்தான் அடியில் 13 அடி இருக்கும் தூண் மேலே போகப்போகச் சிறுத்து, உச்சியில் ஏறக்குறைய 6 அடியில் முடிகிறது. தூரத்திலிருந்து பார்க்கும்போது அத்தனை கல்லும் ஒல்லியாகத் தெரிவதற்கு இந்தச் சரிவுதான் காரணம்.

முதல் கல் 1870 அக்டோபர் 12 அன்று வைத்தார்கள். 1874இல் கடைசிக் கல். அடுத்த ஆண்டு சரக்கு ரயில் ஓடியது. பயணிகள் ரயில் 1876 மே 1 முதல். வடிவமைத்தவர் ஜான் சிட்னி கிராஸ்லி, மிட்லண்ட் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். முதலில் 18 கண்கள் போதும் என்று வரைந்து, பிறகு 24 ஆக்கினார்.

பாலத்தின் முறையான பெயர் பேட்டி மாஸ் பாலம். மாஸ் என்றால் அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலம். ரிப்பிள்ஹெட் என்பது பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர், அதுவே பாலத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 6

"கம்பளி மூட்டைகளை அடியில் போட்டு, அதன்மேல் பாலம் கட்டினார்கள் என்று அங்கே ஒரு வழிகாட்டி சொன்னாரே?" என்று ஒருவர் கேட்கிறார்.

நானும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த பெரியவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கதை. அந்த இடத்து மண் ஈரப் பஞ்சு மாதிரி. மேலே செடிகொடி மக்கி அமுங்கிய கருப்புச் சதுப்பு, அதன்கீழே களிமண். அதையெல்லாம் சுமார் 25 அடி தோண்டி எடுத்து, கெட்டிப் பாறையைத் தொட்டு, அங்கே கான்கிரீட் போட்டுத்தான் தூணை எழுப்பியிருக்கிறார்கள்.

கதை எங்கிருந்து முளைத்தது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. பக்கத்துப் பிராட்ஃபோர்டு கம்பளி வியாபாரத்தில் கொழித்த ஊர். கம்பளிப் பணம் ரயிலில் போட்ட பணமாயிற்று, பணத்தின் மேல் நிற்கும் பாலம் கம்பளியின் மேல் நிற்கும் பாலமாயிற்று என்கிறார்கள். இருக்கலாம். நம் ஊர்க் கோயில்களிலும் பாலங்களிலும் சுண்ணாம்பில் முட்டை கலந்தார்கள், பதநீர் கலந்தார்கள் என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்த எனக்குக் கம்பளிக் கதை மேல் கோபம் வருவதில்லை.

பிப்ரவரி 10

அப்பாவைப் பற்றி எழுதாமல் இந்தப் பாலத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. அவர் கும்பகோணம் பக்கத்தில் நாற்பது வருடம் கொத்தனார். 2018 ஜூலையில் எங்களோடு லீட்ஸில் தங்க வந்தார். லண்டன் பார்த்தார், கடற்கரை பார்த்தார், எல்லாவற்றுக்கும் "நன்றாக இருக்கிறது" என்பதோடு சரி. ரிப்பிள்ஹெட் போனோம். கோடை என்று பெயர், குளிர்க்காற்றும் சாரலும். பாலத்தடியில் போனதும் குடையை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் பூச்சை நகத்தால் சுரண்டி, விரலில் தேய்த்துப் பார்த்தார். "சுண்ணாம்புதான்" என்றார். கல்லைத் தட்டினார். "இதுவும் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பைச் சுண்ணாம்பால் ஒட்டியிருக்கிறார்கள், தம்பி. ஒரே சாதிப் பிள்ளைகள், ஒன்றுக்கொன்று சண்டை போடாது." சிமென்ட் வைத்துக் கட்டியிருந்தால் இத்தனை நாள் நின்றிருக்காது என்பது அவர் கட்சி. பூச்சு கல்லைவிட மெதுவாக இருக்கவேண்டும், அசைவு வந்தால் பூச்சு விரிந்து கொடுக்கும், கல் தப்பிக்கும், விரிந்த பூச்சை மறுபடி பூசிக்கொள்ளலாம், உடைந்த கல்லை என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டார். பாலத்தில் போட்டது சாதாரணச் சுண்ணாம்பு அல்ல, ஈரத்திலும் இறுகும் வகை. அதைச் சொன்னேன். "இந்த ஊர் மழைக்கு வேறு எது நிற்கும்?" என்றார்.

தூணின் முகத்துக் கற்களைப் பக்கத்தில் பார்த்தால் ஒன்று தெரியும். ஓரம் மட்டும் உளி வைத்து நேராக்கியிருக்கிறார்கள், நடுவயிறு மலையில் உடைத்தபடியே முரடாகப் பிதுங்கி நிற்கிறது. வேலை மிச்சம் பிடிக்க அப்படி விட்டது என்று நான் நினைத்திருந்தேன். மழைத் தண்ணீர் அந்த முரட்டு வயிற்றிலிருந்து சொட்டிவிடும், இடுக்குக்குள் ஓடாது என்றார் அப்பா. இது எல்லாப் பாலத்துக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அன்று சாரலில் நானே பார்த்தேன். அவர் காட்டிய கல்லில் அப்படித்தான் சொட்டியது.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதில் முக்கியமானது விட்டுப்போயிற்று. இந்த இழையில் எல்லாரும் 'கல் பாலம், கல் பாலம்' என்கிறோம், நான் உட்பட. பாதிதான் உண்மை. தூண்களும் முகப்பும் சுண்ணாம்புக்கல், சில கற்கள் எட்டு டன் வரை இருக்கும். ஆனால் கண்ணுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வளைவின் உள்வயிறு செங்கல். மொத்தம் 15 லட்சம் செங்கல் என்று கணக்கு. அங்கேயே சூளை போட்டுச் சுட்டவை.

இதை முதலில் கவனித்ததும் அப்பாதான். "மேலே செங்கல், கீழே கல். விவரமானவன்" என்றார். அத்தனை கல்லையும் வளைவுக்கு ஏற்றபடி ஆப்பு வடிவத்தில் கொத்துவது பெரும் வேலை, நூறடி உயரத்துக்குத் தூக்குவதும் பெரும் வேலை. செங்கல்லைச் சித்தாளே சுமந்து போகலாம், வளைவுக்குத் தக்கபடி சுண்ணாம்பைக் கூட்டிக் குறைத்து அடுக்கிவிடலாம்.

பிப்ரவரி 11, மாலை

"வளைவு முடியும்வரை அந்தச் செங்கல் எப்படி அந்தரத்தில் நின்றது?" நல்ல கேள்வி. அந்தரத்தில் நிற்காது. அடியில் மரத்தால் வளைவு வடிவில் சென்ட்ரிங் போட்டு, அதன்மேல்தான் அடுக்குவார்கள். இரு பக்கமிருந்தும் சமமாக ஏறி, உச்சியில் கடைசி வரிசை இறங்கிய பிறகுதான் வளைவு வளைவாகிறது. அதுவரை அது மரத்தின்மேல் கிடக்கும் செங்கல் குவியல்.

அப்பா வீடுகளில் ஜன்னல் மேல் சின்ன வளைவு கட்டும்போது மரம்கூட வைக்கமாட்டார். உடைசெங்கல்லை அடுக்கி, ஈரமண்ணைப் பூசி, கரணையால் வழித்து வளைவு பிடிப்பார். சுண்ணாம்பு இறுகியதும் அடியிலிருந்து செங்கல்லை ஒவ்வொன்றாக உருவுவார். சின்ன வயதில் நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கடைசிச் செங்கல்லை உருவும்போது யாரும் பேசக்கூடாது. ஒருமுறை வளைவு மயிரிழை இறங்கி, 'டிக்' என்று ஒரு சத்தம். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்பா, "உட்கார்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மூன்றடி ஜன்னலுக்கே அப்படி. 45 அடிக் கண்ணுக்கு அடியிலிருந்து மரத்தை உருவிய தச்சன் என்ன செய்திருப்பான் என்று பாலத்தடியில் நின்றபோதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 18

"ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் ஏன் இத்தனை பெரிய பாலம்?" என்பதற்கு.

போட்டி. மிட்லண்ட் ரயில்வேக்கு ஸ்காட்லாந்து போக வழி வேண்டும். இருந்த வழியில் குறுக்கே லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே உட்கார்ந்திருந்தது. அவர்கள் பாதையில் மிட்லண்டின் பயணிகளுக்கு நல்ல இணைப்பு கிடைக்கவில்லை. எனவே ஸெட்டில் ஊரிலிருந்து கார்லைல் வரை, மலைமுதுகு வழியாகச் சொந்தப் பாதை போடுகிறோம் என்று மிட்லண்ட் கிளம்பி, 1866இல் நாடாளுமன்றத்தில் சட்டமும் பெற்றது. உடனே எதிராளி இறங்கிவந்து சமாதானம் பேசினான். இனி எதற்கு மலையேற வேண்டும் என்று, பாதையைக் கைவிட அனுமதி கேட்டு மிட்லண்ட் 1869இல் நாடாளுமன்றத்துக்கே திரும்பிப் போனது. வேறு ரயில் நிறுவனங்கள் எதிர்த்தன, அனுமதி கிடைக்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன நிறுவனத்தின் கழுத்தில் சட்டம் கட்டிவிட்ட பாலம் இது.

22 லட்சம் பவுண்டில் முடிந்துவிடும் என்று போட்ட கணக்கு, முழுப் பாதைக்கும் 35 லட்சத்தைத் தாண்டியது.

விருப்பமில்லாமல் தொடங்கிய வேலை எப்படி இருக்கும்? ஒப்புக்குக் கட்டியிருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். அங்கே போய்ப் பாருங்கள். கட்டச் சொன்னவர்களுக்கு மனம் இல்லாமல் இருந்திருக்கலாம். கட்டியவர்கள் எங்கேயும் கையைக் குறைக்கவில்லை.

பிப்ரவரி 19

பாதையை அளந்தவர் சார்ல்ஸ் ஷார்லண்ட், டாஸ்மேனியாவிலிருந்து வந்த இளைஞர். கியர்ஸ்டோன்ஸ் என்ற இடத்து விடுதியில் மூன்று வாரம் பனியில் சிக்கிக்கொண்டார், கதவுக்கு வெளியே பனியைக் குடைந்து வழி செய்துதான் தண்ணீர் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பனிக்காலத்தை ஒரே ஒரு பிப்ரவரியில் பார்த்தவன் நான், நம்புகிறேன்.

காற்றைப் பற்றியும் ஒன்று. 1964இல் சரக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த புத்தம்புதுக் கார்களைப் பாலத்தின் மேல் வைத்துக் காற்று தூக்கிக் கீழே வீசியது. கார்கள் போயின, பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 2

இன்று சேப்பல்-லெ-டேல் போய்விட்டு வந்தேன். பாலத்திலிருந்து கீழே, பள்ளத்தாக்கில் இருக்கும் சின்னத் தேவாலயம். நான் இதுவரை பொறியியலைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தது இன்று எனக்குச் சரியாகப் படவில்லை.

பாலத்திலும், பக்கத்துப் பிளீ மூர் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் உச்சக்கட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல். சுரங்கம் மட்டும் 2,629 கெஜம். எல்லாரும் அந்தச் சதுப்பிலேயே மரக் குடிசை போட்டுக் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். குடியிருப்புகளுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். செபாஸ்டபோல், இங்கர்மன் என்று இரண்டு, கிரிமியப் போர் முடிந்து இருபது வருடம்கூட ஆகாத காலம். ஜெரிக்கோ, ஜெருசலேம் என்று வேதாகமத்திலிருந்து இரண்டு. பெல்கிரேவியா என்று ஒன்று, அது லண்டனில் சீமான்கள் குடியிருக்கும் பகுதியின் பெயர். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு தங்கள் குடிசைக்கு அந்தப் பெயரை வைத்தவர்களோடு ஒருநாள் பேச முடிந்தால் போதும் எனக்கு.

1871இல் பெரியம்மை வந்தது. விபத்துகள் ஒருபக்கம், நோய் ஒருபக்கம். அந்த ஆண்டுகளில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக இருநூறு பேருக்கு மேல் சேப்பல்-லெ-டேல் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். இடம் போதாமல் தோட்டத்தை விரிவாக்கவேண்டி வந்தது.

தேவாலயத்துக்குள் சுவரில் ஒரு பளிங்குப் பலகை. ஸெட்டிலுக்கும் டென்ட் ஹெட்டுக்கும் இடையில் ரயில் வேலையில் விபத்தில் இறந்தவர்களின் நினைவாக, கூட வேலை செய்தவர்களும் மிட்லண்ட் ரயில்வேயும் சேர்ந்து செலவு செய்து வைத்தது என்று இருக்கிறது. 1869 முதல் 1876 வரை. பெயர் ஒன்றுகூட இல்லை. நடுகல் நட்டு, விழுந்தவன் பெயரையும் அவன் எதற்காக விழுந்தான் என்பதையும் பொறித்து வைத்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்த வெறும் பளிங்கு தாங்கவில்லை. அதே சமயம் செலவில் பாதி கூலிக்காரர்களின் கைக்காசு என்பதையும் மறக்க முடியவில்லை. கம்பெனி மட்டும் வைத்திருந்தால் நான் அதன் முன் அவ்வளவு நேரம் நின்றிருக்கமாட்டேன்.

மார்ச் 3

"செலவில் பாதி" என்று நேற்று எழுதினேன். பலகையில் 'சேர்ந்து' என்றுதான் இருக்கிறது, யார் எவ்வளவு என்று இல்லை. பாதி என்பது என் மனம் போட்ட கணக்கு. அடித்துவிடுங்கள்.

மார்ச் 9

"இரண்டு தண்டவாளத்துக்கு அகலம் இருக்கும்போது ஒன்று மட்டும் ஏன் ஓடுகிறது?"

1985இல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் மேலே வந்து பாரம் ஏற்றக்கூடாது என்பதற்காக. அன்றைக்குப் பாலம் இருந்த நிலை அப்படி.

ஆனால் பாலத்தைக் கெடுத்தது ரயிலின் பாரம் இல்லை. தண்ணீர். இதை விளக்கிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பழைய பாலங்களுக்கும் இதே வியாதிதான். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி. ஜல்லிக்கு அடியில், வளைவின் முதுகுக்கும் பக்கச் சுவர்களுக்கும் நடுவே நிரப்பிய மண்ணும் கல்லும். மழை ஜல்லி வழியாக இறங்கும். வளைவின் முதுகில் நீர் புகாத பூச்சும், தேங்காமல் வெளியேற வழியும் சரியாக இருந்தால் வெளியே போய்விடும். பூச்சு விரிந்தாலோ வழி அடைத்தாலோ உள்ளேயே நின்று செங்கல் இடுக்கு வழியாகக் கசியும். கசியும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். வளைவின் வயிற்றில் வெள்ளை வெள்ளையாக வழிந்து காய்ந்த கோடுகள், சில இடத்தில் விரல் நீளத்துக்குத் தொங்கும் கூர்கள், இவையெல்லாம் பாலத்தின் உள்ளே இருந்த பூச்சு. வெளியே வந்து தொங்குகிறது. குளிர்காலத்தில் உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருகும், கல்லைப் பிளக்கும். ரிப்பிள்ஹெட்டில் இது நூறு வருடம் நடந்தது. 1960களில் சில தூண்களுக்குப் பழைய தண்டவாளத்தையும் கான்கிரீட்டையும் வைத்துக் கட்டுப்போட்டார்கள். காலில் கட்டு, தலையில் ஒழுகல்.

மார்ச் 10

நேற்றைய தொடர்ச்சி. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ரயில்வே, இந்தப் பாலத்தைப் பழுதுபார்க்கப் பல பத்து லட்சம் பவுண்டு ஆகும், பயணிகளும் இல்லை, பாதையையே மூடிவிடலாம் என்று முடிவு கட்டியது. 1983இல் மூடும் அறிவிப்பு. பயணிகள் இல்லை என்பதற்கு முக்கியக் காரணம், நல்ல ரயில்களை அதற்கு முன்பே வேறு வழியில் திருப்பிவிட்டதும், நிலையங்களைப் பூட்டிவைத்ததும்.

மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் திரண்டது. கடைசியாக ஒருமுறை போய்விடலாம் என்று வந்தவர்களால் கூட்டம் ஏறியது. 1986இல் பூட்டிய நிலையங்களைத் திறந்தார்கள். எதிர்ப்பு மனுக்கள் 22,000க்கும் மேல். 1989 ஏப்ரல் 11 அன்று மூடும் யோசனையை அரசு நிராகரித்தது. அப்போது போக்குவரத்து இணையமைச்சராக இருந்தவர் மைக்கேல் போர்ட்டில்லோ.

பிறகு உண்மையாகவே பழுது பார்த்தார்கள், 1992 வரை. மேலே நீர் புகாத தளம் போட்டு, வழிகளைச் சீராக்கி, தூண்களைச் செப்பனிட்டார்கள். பயமுறுத்திய தொகையைவிட மிகக் குறைவாகவே ஆயிற்று. 2020–21 குளிர்காலத்தில் மறுபடி 21 லட்சம் பவுண்டுக்கு வேலை, இடுக்குப் பூச்சும் உடைந்த கல் மாற்றமும். பெரும்பகுதி அப்பா செய்கிற அதே வேலை.

ஒழுகும் கூரையை ஓட்டை மாற்றிச் சரிசெய்யாமல், வீட்டையே இடித்துவிடலாம் என்று சொல்கிறவர்களை எனக்கு எல்லா ஊரிலும் தெரியும். என் பாட்டி வீடு அப்படித்தான் போயிற்று. சுவரெல்லாம் திடமாக இருந்தது. பரணுக்கு மேல் ஒரே ஒரு இடத்தில் ஒழுகியது, பத்து வருடம் யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11

பாதையை மூடும் யோசனையை அரசு நிராகரித்து இன்றோடு 35 வருடம் ஆகிறது. இன்றைக்கு ஒரு நாயைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எதிர்ப்பு மனு கொடுத்தவர்களில் ஒன்று நாய். ரஸ்வார்ப் என்று எழுதுவார்கள், ரஸ்ஸப் என்று அழைப்பார்கள். இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வளர்த்தது. டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த நாய் என்பதால் அதற்கும் எதிர்க்க உரிமை உண்டென்று சொல்லி, பாதச்சுவட்டை மனுவில் பதித்தார்கள், அதுவும் கணக்கில் ஏறியது. பாதை காப்பாற்றப்பட்ட மறு ஆண்டு, 1990 ஜனவரியில், வேல்ஸ் மலைக்கு நடக்கப்போன அந்த மனிதர் திரும்பவில்லை. பதினோரு வாரம் கழித்து உடலைக் கண்டபோது, அந்தக் குளிர்காலம் முழுவதும் நாய் பக்கத்திலேயே இருந்தது தெரிந்தது. இப்போது கார்ஸ்டேல் நிலையத்தில் அதற்கு வெண்கலச் சிலை இருக்கிறது, 2009 ஏப்ரல் 11 அன்று திறந்தார்கள். என் மகள் ஒவ்வொரு முறையும் அதன் தலையைத் தடவாமல் ரயில் ஏறமாட்டாள்.

ஏப்ரல் 20

முதல் கேள்விக்கே திரும்பவேண்டியிருக்கிறது.

இந்த இழையை அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சைக்கிள் ஸ்டாண்ட் வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அது விழும்போது. கட்டும்போது?" என்றார். எனக்குப் புரியவில்லை. "24 கண்களுக்கும் ஒரே நேரத்தில் சென்ட்ரிங் போட்டிருப்பானா? அவ்வளவு மரத்துக்கு எங்கே போவான்? ஆறு கட்டுவான், பிரிப்பான், அடுத்த ஆறுக்குக் கொண்டுபோவான். பிரித்ததும் ஆறாவது கண் தள்ளும். அந்தப் பக்கம் திருப்பித் தள்ள ஏழாவது கண் இன்னும் பிறக்கவில்லை. யார் தாங்குவது?"

ராஜாத் தூண்தான். நீளமான வளைவுப் பாலங்களில் இடையிடையே இப்படிப் பருத்த தூண் வைப்பதற்கு இந்த இரண்டாவது காரணமும் உண்டு. பாதிப் பாலம் தன் காலில் நிற்கவேண்டும், அதுவரை அந்தத் தூணே கரை. நான் விபத்தை மட்டும் நினைத்தேன். அவர் வேலையை நினைத்தார். பிப்ரவரி 3 அன்று நான் எழுதியது தவறில்லை, ஆனால் பாதி. பாலம் முடிந்த பிறகு வந்து பார்க்கிறவனின் பாதி.

ஏப்ரல் 27

முதலில் கேள்வி கேட்டவர் மே மாதம் மறுபடி போகிறாராம், என்ன பார்க்கவேண்டும் என்று கேட்கிறார்.

ரிப்பிள்ஹெட் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். ரயிலிலேயே பாலத்தைக் கடந்தால் பாலம் தெரியாது, மலைதான் தெரியும். பாலத்தடியில் பாதை போகிறது. தெற்கு முனையிலிருந்து எண்ணி ஆறாவது தூணை ஐந்தாவதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு கண்ணுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து செங்கல்லைப் பாருங்கள். நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள், சதுப்பு இன்னும் அதே சதுப்புதான்.

மழை பெய்தால் திரும்பிவிடாதீர்கள். அப்போதுதான் போகவேண்டும். எந்தக் கண்ணில் சொட்டுகிறது, எந்தக் கண் காய்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள். அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார்.